ஒரே பகடை போதுமா?

“அடுத்த வாரம் வேற ஏதாவது கேம் ஆடிப் பார்க்கலாமா?”

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் எந்தக் குழுவிலும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் செல்போனைக் கையில் எடுப்பார். இன்னொருவர், “இதுவே இப்பதான் பிடிபட ஆரம்பிச்சிருக்கு, அதுக்குள்ளயா?” என்பார். ஆறு மாதமாகத் தன் மந்திரவாதியைப் பொத்திப் பொத்தி வளர்த்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். கேட்டவரே, “சும்மாதான் கேட்டேன்” என்று பின்வாங்கிவிடுவார். அடுத்த வாரமும் அதே நிலவறை, அதே பூதம், அதே இருபது முகப் பகடை.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் முதல் எபிசோடில் வீட்டின் அடித்தளத்தில் நான்கு பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, டெமோகார்கன் வந்துவிட்டது என்று அலறுவார்களே, அதுதான். ஒருவர் கதையை நடத்துவார். அவர் கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, “நான் கதவைத் திறக்கிறேன்”, “நான் கூரை மேல ஏறுறேன்” என்று வாயாலேயே ஆடுவார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வருகிற இடத்தில் பகடை உருளும். ஜெயித்தவர், தோற்றவர் என்று கடைசியில் யாரும் இல்லை. கதை வாரக்கணக்கில், சில குழுக்களில் வருடக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும்.

இந்த ஆட்டத்துக்குப் பிறந்த ஊர் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா. பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த கேரி கைகாக்ஸும், பக்கத்து மாநிலமான மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசனும் 1974-ல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று மூன்று சின்னப் புத்தகங்களை ஒரு பெட்டிக்குள் போட்டு விற்றார்கள். முதல் அச்சு 1,000 பிரதிகள். ஒரு படையையே நகர்த்திக்கொண்டிருந்தவர்களிடம், ஒரே ஒரு ஆளாக இருந்து பார் என்றது அந்தப் பெட்டி. பிறகு உரிமை கை மாறியது. 1997-ல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 1999-ல் அந்த நிறுவனத்தையே பொம்மை வியாபாரப் பெருமுதலாளி ஹாஸ்ப்ரோ வாங்கியது. நகலெடுப்பதற்கெல்லாம் ஜெராக்ஸ் என்று பெயர் விழுந்தது போல, இந்த வகை ஆட்டம் அத்தனைக்கும் இன்று அதன் சுருக்கமான ‘டி அண்ட் டி’ என்றே பெயர். 2023-ல் வந்து சக்கைப்போடு போட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ கம்ப்யூட்டர் கேமும் இதன் விதிகளில்தான் ஓடுகிறது. அதன் வழியாக மேசைக்கு வந்தவர்கள் பலருக்கு வேறு ஆட்டங்கள் இருப்பதே தெரியாது.

இருக்கின்றன, ஆயிரக்கணக்கில். அவற்றில் சிலவற்றையாவது மெனக்கெட்டுக் கற்றுக்கொண்டு ஆடிப் பார்ப்பதில் லாபம் உண்டா? வழக்கமாகச் சொல்லப்படும் பதில், “ஒரு மாறுதலுக்கு” என்பது. அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. மாறுதல்தான் வேண்டும் என்றால் அதே ஆட்டத்தில் கதையை மாற்றிக்கொள்ளலாமே. காட்டை விட்டுக் கடலுக்குப் போகலாம், டிராகனுக்குப் பதில் கடற்கொள்ளையரை இறக்கலாம். வேறு ஆட்டம் ஆட வேண்டியதற்குக் காரணம், விதிகள் நம்மை ஆட்டுவிக்கின்றன என்பதுதான். ஒரே ஆட்டத்துக்குள் இருக்கும் வரை அது கண்ணில் படாது.

தங்கக் காசின் வேலை

இதற்கு நல்ல சாட்சி டி அண்ட் டியின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த அட்வான்ஸ்டு பதிப்பில், நிலவறையிலிருந்து வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு தங்கக் காசுக்கும், பாத்திரத்தை நிலை உயர்த்தும் அனுபவப் புள்ளி ஒன்று. அரக்கனைக் கொன்றாலும் புள்ளி உண்டு, ஆனால் புதையலோடு ஒப்பிட்டால் அது சில்லறை. விளைவு? கத்தியை உருவுவது நஷ்டக் கணக்கானது. ஆட்டக்காரர்கள் பதுங்கினார்கள், லஞ்சம் கொடுத்தார்கள், இரண்டு அரக்கக் கூட்டங்களுக்கு இடையே சண்டை மூட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு இந்தத் தங்கக் கணக்கை ‘வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்’ என்ற இடத்துக்குத் தள்ளியது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அனுபவப் புள்ளி முக்கியமாக எதிரியை வீழ்த்துவதிலிருந்து வந்தது. அரக்கனைப் பார்த்ததும் வாளை உருவும் பழக்கம் மேசைகளில் ஊன்றிப்போனதற்கு இது முக்கியமான காரணம். பெயர் அதேதான், எல்ஃபும் டிராகனும் அதேதான். புள்ளிக் கணக்கு மட்டும் மாறியது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் சுபாவமே மாறியது போலத் தெரிந்தது.

“எங்க குழுவுக்குச் சண்டைதான் பிடிக்கும்” என்று சொல்லும் கேம் மாஸ்டர்கள் நிறைய. சரி, வேறு எதற்கும் பெரிதாகப் புள்ளி கொடுக்காத ஆட்டத்தில் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

ஒரே கதவு, மூன்று ஆட்டம்

கையில் பகடையோடு பார்ப்போம். வாசலில் ஒரு காவலாளி. அவனிடம் பேசி உள்ளே போக வேண்டும்.

டி அண்ட் டியில் இருபது முகப் பகடையை உருட்டுகிறீர்கள். பேச்சுத் திறமைக்கு 5 கூட்டிக்கொள்ளலாம், மொத்தம் 15 வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும்; 55 சதவீத வாய்ப்பு. விழவில்லையா? காவலாளி தலையாட்டி மறுக்கிறான். கதை அங்கேயே நிற்கிறது. உடனே பக்கத்தில் இருப்பவர், “நான் பேசிப் பார்க்கிறேன்” என்று தன் பகடையை எடுக்கிறார். அவரும் தோற்றால் மூன்றாமவர். கொஞ்ச நேரத்தில் காவலாளியின் முன் ஒரு க்யூவே நிற்கும்.

அதே கதவுக்கு ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ விதிகளோடு போவோம். வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் எழுதி 2010-ல் வந்த ஆட்டம். இரண்டு சாதாரண ஆறு முகப் பகடைகள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஒரு விலை உண்டு. 6 அல்லது அதற்குக் கீழே வந்தால் கேம் மாஸ்டர் தன் விருப்பப்படி தலையில் எதையாவது இறக்குவார். உங்கள் திறமைக்கு 1 கூட்டிக்கொண்டால் முழு வெற்றி 28 சதவீதம், விபரீதம் 28 சதவீதம், நடுவில் நிற்கும் ‘சரி, ஆனா…’ மட்டும் 44 சதவீதம். காவலாளி உள்ளே விடுகிறான், ஆனால் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்கிறான். இப்போது க்யூ நிற்க இடமே இல்லை. எந்த எண் விழுந்தாலும் நிலைமை மாறிவிட்டது. இந்த ஆட்டத்தில் கேம் மாஸ்டர் பகடையைத் தொடுவதே இல்லை என்பது கூடுதல் விசேஷம்.

மூன்றாவது, எபிடியா ரவச்சோல் உருவாக்கி 2005-ல் வெளிவந்த ‘டிரெட்’. பயமூட்டும் கதைகளுக்கான ஆட்டம். பகடையே கிடையாது. மேசை நடுவில் ஜெங்கா கோபுரம், 54 மரக்கட்டைகள். கஷ்டமான எதைச் செய்ய வேண்டுமானாலும் ஒரு கட்டையை உருவி மேலே வைக்க வேண்டும். வைத்துவிட்டால் காரியம் ஆயிற்று. கோபுரம் சரிந்தால் உங்கள் பாத்திரம் கதையை விட்டுப் போயிற்று. ஆட்டம் தொடங்கும்போது எல்லோரும் அலட்சியமாக உருவுவார்கள். முப்பது கட்டை கடந்த பிறகு பார்க்க வேண்டும். மேசையில் முழங்கை வைத்திருந்தவர் மெல்ல எடுத்துக்கொள்வார். ஃபேனை நிறுத்தச் சொல்வார் ஒருவர். உருவப் போகிறவர் ஒரு கட்டையை நுனிவிரலால் தட்டிப் பார்ப்பார், அது நகராது, அடுத்ததைத் தட்டுவார். காவலாளியிடம் பேசப் போகும் பாத்திரத்தின் நடுக்கம் அவர் விரலிலேயே இருக்கும். உருவ மாட்டேன் என்று மறுக்கவும் உரிமை உண்டு. காரியம் கெடும், உயிர் தப்பும். வேண்டுமென்றே கோபுரத்தைத் தட்டிவிடவும் உரிமை உண்டு: நினைத்ததைச் சாதித்துவிட்டுச் சாகலாம். நண்பர்களைக் காப்பாற்ற ஒருவர் புறங்கையால் கோபுரத்தைத் தள்ளிவிடும் கணத்தை எந்த இருபது முகப் பகடையாலும் கொடுக்க முடியாது.

இந்த மூன்றில் எது உயர்ந்தது என்று கேட்பது வீண். ஆனால் மூன்றையும் ஆடிய ஒருவருக்கு, டி அண்ட் டியில் தோல்வி என்பது பெரும்பாலும் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதாகவே இருக்கிறது என்று தெரிந்துபோகும். தெரிந்த பிறகு அவர் பழைய ஆட்டத்தையே வேறு மாதிரி நடத்துவார்.

தடயம் கிடைக்காத துப்பறிவாளர்

‘டி அண்ட் டியை வைத்தே எல்லாக் கதையும் சொல்லலாம்’ என்று ஒரு கட்சி இருக்கிறது. சொல்லலாம்தான். ஆனால் துப்பறியும் கதையை எடுத்துக்கொண்டால் சீக்கிரமே இடறும். கொலை நடந்த அறையில் எரிந்த கடிதத் துண்டு கிடக்கிறது. தேடுவதற்குப் பகடை உருட்டுகிறார்கள். நான்கு பேருக்கும் சின்ன எண். கடிதம் கிடைக்கவில்லை என்றால் கதையே இல்லை. கேம் மாஸ்டர் நெளிவார், கடைசியில் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக் கடிதத்தைக் கையில் திணிப்பார்.

ராபின் லாஸ் ‘தி எசோடெரரிஸ்ட்ஸ்’ ஆட்டத்தில் இந்தச் சிக்கலை ஒரே வெட்டில் வெட்டினார். உரிய திறமை உள்ளவர் உரிய இடத்தில் தேடினால் தடயம் கிடைத்தே தீரும். பகடை கிடையாது. தடயத்தைக் கண்டுபிடிப்பதில் என்ன சுவாரஸ்யம்? அதை வைத்து என்ன முடிவுக்கு வருகிறார்கள் என்பதில்தானே இருக்கிறது! இந்த ஒரு யோசனைக்காகவே அந்த ஆட்டத்தை ஒருமுறை ஆடலாம்.

1981-ல் சாண்டி பீட்டர்சன் எழுதிய ‘கால் ஆஃப் குதுலு’ இன்னொரு திசையில் போனது. எழுத்தாளர் லவ்கிராஃப்ட்டின் திகில் கதைகளை அடிப்படையாகக் கொண்டது. இதில் உயிர்ப் புள்ளியோடு புத்தி சுவாதீனத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பார்க்கக் கூடாததைப் பார்த்தால், படிக்கக் கூடாத நூலைப் படித்தால் அது குறையும். டி அண்ட் டியில் பாத்திரம் நாளாக நாளாகப் பலசாலியாகிறது. இங்கே நாளாக நாளாக உடைகிறது. அங்கே அடைத்த கதவைக் கண்டால் உதைத்துத் திறக்கிறவர், இங்கே மேசைமேல் கிடக்கும் பழைய டைரியைத் தொடவே யோசிப்பார்.

ஜப்பானில் டி அண்ட் டியைவிட இந்த ஆட்டத்துக்குத்தான் மவுசு என்பதைச் சொன்னால் அமெரிக்க ஆட்டக்காரர்களே ஆச்சரியப்படுவார்கள். ஜெர்மனியில் 1984 முதல் ‘தாஸ் ஷ்வார்ட்ஸே ஆவ்கே’ கொடி கட்டிப் பறக்கிறது. ஸ்வீடனில் ஒரு தலைமுறைக்கு முதல் ஆட்டமே 1982-ல் வந்த ‘டிராகர் ஓக் டெமோனர்’தான். ஆக, ‘முதலில் டி அண்ட் டி, பிறகு மற்றவை’ என்ற வரிசை இயற்கை நியதி ஒன்றும் இல்லை. யார் கடையில் எது முதலில் வந்து சேர்ந்தது என்பதுதான் அது.

ஆயிரம் பக்க பயம்

மெனக்கெடல் பற்றிப் பேசாமல் தப்பிக்க முடியாது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் மூன்று அடிப்படைப் புத்தகங்களைக் கூட்டினால் 992 பக்கம். இதைக் கடந்து வந்த ஒருவரிடம் போய் இன்னொரு ஆட்டம் என்றால், இன்னொரு ஆயிரம் பக்கம் என்றுதான் அவர் காதில் விழும்.

உண்மை நேர்மாறானது. கிராண்ட் ஹோவிட்டின் ‘ஹனி ஹைஸ்ட்’ மொத்தமே ஒரு பக்கம். ஆட்டக்காரர்கள் எல்லோரும் கரடிகள். தேன் கண்காட்சியில் கொள்ளையடிக்கப் போகிறார்கள். கரடித்தனம், களவுத்தனம் என்று இரண்டே எண்கள். ஒன்று கூடினால் மற்றது குறையும். கரடித்தனம் எல்லை மீறினால் அது முழுக் கரடியாகிவிடும், களவுத்தனம் மீறினால் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜான் ஹார்ப்பரின் ‘லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’ இன்னும் சிக்கனம்: ஒரு பாத்திரத்துக்கு ஒரே ஒரு எண். ஜேசன் மார்னிங்ஸ்டார் 2009-ல் எழுதிய ‘ஃபியாஸ்கோ’வில் கேம் மாஸ்டரே இல்லை, முன்தயாரிப்பும் இல்லை. பேராசையும் அரைகுறைத் திட்டமுமாக நாலு பேர் ஒரே ராத்திரியில் எப்படி நாசமாகிறார்கள் என்பதை அவர்களே ஆடித் தீர்ப்பார்கள். இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் ஒருவர் படித்துவிட்டு மற்றவர்களுக்குத் தமிழில் பத்து நிமிடத்தில் வாயாலேயே சொல்லிவிடலாம்.

பக்கங்களைவிடப் பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது. வேலைக்குப் போகிற ஐந்து பேருக்கு ஒரே மாலை ஓய்வாகக் கிடைப்பதே அபூர்வம். அந்த மாலையைத் தெரியாத ஆட்டத்தில் பணயம் வைக்க மனசு வராது. அதிலும் முதல் மாலை பெரும்பாலும் சொதப்பும். காரணம், பழைய ஆட்டத்தின் பழக்கத்தோடு புதிய ஆட்டத்துக்குள் நுழைகிறோம். ஹார்ப்பரின் 2017 ஆட்டமான ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’கை எடுத்துக்கொள்ளுங்கள். திருடர் கூட்டத்தின் கதை. ‘திட்டம் போட்டுக்கொண்டு உட்காராதே, நேராகக் காரியத்தில் இறங்கு; தேவைப்படும்போது ஃபிளாஷ்பேக் போட்டு, இதற்கு நேற்றே ஏற்பாடு செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்’ என்பதுதான் அதன் உயிர்நாடி. ஆனால் டி அண்ட் டி மேசையிலிருந்து வருகிறவர்கள் கொள்ளைக்குப் போவதற்கு முன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் திட்டம் போடுவார்கள். பிறகு, “இதுல என்னப்பா இருக்கு, போரடிக்குது” என்பார்கள். புதிய ஆட்டத்துக்குக் குறைந்தது மூன்று மாலை கொடுக்க வேண்டும். முதல் மாலையில் பழைய கை பேசும்.

சில ஆட்டங்களுக்கு மூன்று மாலையும் போதாது. கிரெக் ஸ்டாஃபோர்டின் ‘பெண்ட்ராகன்’ 1985-ல் வந்தது. ஆர்தர் மன்னனின் வீரர்கள் கதை. கருணைக்கு எதிரில் கொடூரம், அடக்கத்துக்கு எதிரில் கர்வம் என்று பதின்மூன்று இரட்டைக் குணங்கள். ஒவ்வொரு இரட்டையும் சேர்ந்து 20. கர்வம் 16 என்று எழுதிவைத்திருக்கும் வீரன் சபையில் அவமானப்பட்டால் அடக்கமாக நடப்பானா என்பதை ஆட்டக்காரர் தன்னிஷ்டத்துக்கு முடிவு செய்துவிட முடியாது. பகடையும் ஒரு வார்த்தை பேசும். சாகசம் முடிந்தால் ஒரு வருடம் முடிந்தது. குளிர்காலத்தில் நிலத்தின் வரவு செலவு, கல்யாணம், குழந்தை, மூப்பு. அப்பன் செத்தால் மகனை எடுத்துக்கொண்டு ஆட வேண்டும். இதை ஒரு மாலை ஆடிவிட்டு ‘ஆடிப் பார்த்தாச்சு’ என்று சொல்வது, முதல் அத்தியாயத்தில் மூடிய நாவலுக்கு விமர்சனம் எழுதுவதுதான்.

வாரம் ஒரு புதிய ஆட்டம் என்று தாவுகிறவர்கள் மேல் எனக்கு இதனால்தான் கொஞ்சம் சந்தேகம். அவர்கள் அலமாரியில் புத்தகம் சேரும், கதை சேராது. பத்து வருடமாக ஒரே கேம்பெய்னை, அதாவது ஒரே தொடர்கதையை, ஓட்டிக்கொண்டு இன்னமும் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கும் குழுவை யாரும் போய் இம்சிக்க வேண்டாம். அவர்களுக்குக் கிடைத்திருப்பது கிடைத்தற்கரியது.

கோபத்தில் குடிபெயர்ந்தவர்கள்

2023 ஜனவரியில் ஏராளமானோர் வேறு ஆட்டம் தேடிப் புறப்பட்டார்கள். ஆசையால் அல்ல, கோபத்தால். டி அண்ட் டி விதிகளை வைத்து மற்றவர்களும் புத்தகம் போட்டு விற்க 2000-ல் வந்த ஓபன் கேம் லைசென்ஸ் அனுமதித்திருந்தது. அதை இறுக்கும் புதிய வரைவு கசிந்ததும் பெரிய கொந்தளிப்பு. அந்த மாதம் முடிவதற்குள் விசார்ட்ஸ் இறங்கிவந்து, அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதற்குள் போட்டி நிறுவனமான பெய்சோவின் ‘பாத்ஃபைண்டர்’ புத்தகங்கள், மாதக்கணக்கில் விற்க வேண்டிய இருப்பு, சில வாரங்களிலேயே தீர்ந்துபோயின.

வேடிக்கை என்னவென்றால், பாத்ஃபைண்டரே 2009-ல் டி அண்ட் டியின் மூன்றாம் பதிப்பிலிருந்து கிளைத்ததுதான். அதே இருபது முகப் பகடை, அதே வகுப்புகள், அதே நிலைகள். ஊரை விட்டே போகிறேன் என்று கிளம்பி அடுத்த தெருவில் குடியேறினார்கள். அது தப்பில்லை, நல்ல ஆட்டம்தான். ஆனால் ‘வேறு ஆட்டம் ஆடிப் பார்த்தேன், பெரிய வித்தியாசமில்லை’ என்று அங்கிருந்து யாராவது சொன்னால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

எங்கே தொடங்கலாம்?

கேம்பெய்னை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். எந்தக் குழுவிலும் அடிக்கடி நடப்பது, கடைசி நேரத்தில் ஒருவர் வர முடியாமல் போவது. அவர் இல்லாமல் கதையை நகர்த்த முடியாது என்று மாலையே ரத்தாகிவிடும். அந்த மாலைதான் சரியான மாலை. எப்படியும் வீணாகப் போகும் அந்த மாலையில் கரடிகள் தேன் திருடட்டும்.

அன்று வழக்கமான கேம் மாஸ்டர் நடத்தக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது. வாராவாரம் எல்லோருக்காகவும் தயார் செய்கிறவர் அவர். புதிய ஆட்டம் என்றாலே புத்தகம் வாங்குவது, படிப்பது, விளக்குவது எல்லாம் அவர் தலையில் விழும் என்பதால்தான் பாதிக் குழுக்களில் அந்தப் பேச்சே எழுவதில்லை. ஒரு பக்க ஆட்டத்தை யாரும் நடத்தலாம். அவர் ஒரு நாளாவது ஆடட்டும்.

பயக்கதை பிடிக்கும் என்றால் கால் ஆஃப் குதுலுவின் விரைவுத் தொடக்கப் பதிப்பை கேயோசியம் நிறுவனம் இலவசமாகவே தருகிறது. ‘தி ஹாண்டிங்’ என்ற பேய் வீட்டுக் கதையும் அதற்குள்ளேயே இருக்கிறது. சண்டையே வேண்டாம் என்பவர்களுக்கு ஏவரி ஆல்டரின் ‘தி கொயட் இயர்’: ஒரு சீட்டுக்கட்டு, ஒரு வெள்ளைத்தாள். 52 சீட்டு, 52 வாரம். பெரும் நாசத்திலிருந்து தப்பிய ஓர் ஊரை எல்லோரும் சேர்ந்து தாளில் வரைந்துகொண்டே போவார்கள். குளிர்காலச் சீட்டுகளில் ஸ்பேட் ராஜா வரும்போது ஆட்டம் முடியும். யாருக்கும் தனிப் பாத்திரம் கிடையாது. அடுத்தவர் முடிவு பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறக்காமல் ஒரு கல்லை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நாலு மணி நேரத்தில் நம் நண்பர்களைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். எல்லாமே இனிப்பாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

இப்படிச் சுற்றிவிட்டு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. பிளேட்ஸின் ஃபிளாஷ்பேக்கை டி அண்ட் டி மேசையிலும் போட்டுப் பார்ப்பார்கள், ஓடும். மேசை நடுவில் எக்ஸ் எழுதிய ஒரு அட்டையை வைத்து, கதை யாருக்காவது தாங்க முடியாத இடத்துக்குப் போனால் காரணம் சொல்லாமல் அதைத் தொட்டு நிறுத்தலாம் என்ற ஏற்பாட்டை ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கினார். சின்னச் சின்ன ஆட்டங்களை ஆடுவோரிடையே பரவி, இன்று டி அண்ட் டி குழுக்களிலும் புழங்குகிறது. இன்னொன்றும் நடக்கும்: டி அண்ட் டி எதில் கெட்டிக்காரத்தனமானது என்பதும் அப்போதுதான் புரியும். நிலை ஏறியதும் புது மந்திரம் கைக்கு வரும் அந்தக் குஷி, கட்டம் கட்டமாக யோசித்து ஆடும் சண்டை, இவற்றை மற்ற ஆட்டங்களில் பல தொடக்கூட இல்லை.

குழுவே இல்லாதவருக்கும் வழி உண்டு. ஷான் டாம்கினின் ‘அயர்ன்ஸ்வார்ன்’ தனியாக ஆடுவதற்கும் சேர்த்தே எழுதப்பட்டது, பி.டி.எஃப். இலவசம். ஒரு ஆறு முகப் பகடை, இரண்டு பத்து முகப் பகடை, பென்சில், நோட்டு இருந்தால் இன்று இரவே தொடங்கலாம்.